நம்பாத பக்கத்துக்காக வாதிடலாமா?

மாணவர் ஒருவர் நம்பாத பக்கத்தை அவர் கையில் கொடுத்து, "இதை நிலைநாட்டு" என்று மேடையேற்றுவது கல்வியா, பொய்க்குப் பயிற்சியா? பல்கலைக்கழகத்தில் விவாத மன்றம் நடத்த முன்வருகிற எவரும் முதலில் முகங்கொடுக்க வேண்டிய கேள்வி இது. பயிற்சி எந்த நாளில், பொறுப்பாசிரியர் யார், போக்குவரத்துச் செலவுக்கு எந்த நிதி என்பனவெல்லாம் இதற்குப் பிறகே வரும். நடைமுறையில் பல மன்றங்கள் இந்தக் கேள்வியைத் தொடாமலே போட்டிக்குப் போய்விடுகின்றன. பின்னர் ஒரு தலைப்பு யாரோ ஒருவரைப் புண்படுத்தும்போது, பதில் சொல்ல வழியில்லாமல் திணறுகின்றன.

இதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவற்றை இக்கட்டுரை எடைபோடுகிறது. எடைபோடும்போது மனதில் நிற்பவர், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், பழுகாமம் போன்ற ஓர் ஊரில் தமிழில் உயர்தரம் படித்துவிட்டு, வாவியின் வடபுறத்தே வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற மாணவர்.

தன் சமயத்துக்காக வாதிட்டவர்கள்

தமிழில் வாதத்தின் பழைய படம் ஒன்று மணிமேகலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து இந்திர விழாவில் சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறுகிறார்கள். அக்காப்பியத்தின் 29ஆம் காதை தருக்க இலக்கணத்தையே பாடமாக வைக்கிறது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று வாதத்தின் ஐந்து உறுப்புகளைச் சொன்னபின், பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 எனப் பிழைகளை அடுக்கிச் செல்கிறது. சரியான வாதத்தை விளக்குவதைவிடப் பிழையான வாதத்தை இனங்காட்டுவதற்கே அங்கு அதிக இடம். இன்றைய பயிற்சி முகாம் எதற்கும் இது நல்ல முன்மாதிரி.

நாவற்கிளை நட்டு வாதுக்கு அழைத்த குண்டலகேசியும், சமணத்தின் சார்பில் பௌத்த ஆசிரியர்களை எதிர்கொண்ட நீலகேசியும் பெண்கள் என்பதும் நினைவில் நிற்க வேண்டியது. ஆனால் இவ்வாதங்களில் ஒவ்வொருவரும் தாம் நம்பியதையே பேசினார்கள். தோற்றவர் வென்றவரின் நெறியை ஏற்க வேண்டும் என்பதே பெரும்பாலும் பந்தயம். பந்தயம் அவ்வளவு பெரிதாகும்போது எதிராளி சொல்வதிலிருந்து கற்றுக்கொள்ள இடமில்லாமல் போகிறது. நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட வாதத்தின் முதல் பலவீனம் இதுதான்.

அதன் பலமும் சிறிதன்று. 1943இல் கம்பராமாயணத்தை எரிப்பது பற்றி அண்ணாதுரை, சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாருடனும் வாதிட்டார். அந்த வாதங்கள் 'தீ பரவட்டும்' என்ற நூலாயின. இரு தரப்பாரும் தம் வாழ்நாள் கொள்கையையே மேடையில் வைத்தார்கள். குலுக்கலில் பக்கம் பிரித்திருந்தால் அந்த வாதம் இத்தனை ஆண்டுகள் நினைவில் நின்றிருக்குமா என்பது ஐயமே.

இரு பக்கமும் பேசச் சொன்னவர்கள்

எந்தப் பொருளிலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வாதங்கள் உண்டு என்ற கருத்து கிரேக்கச் சிந்தனையாளர் புரோட்டகோரசின் பெயரில் வழங்குகிறது. பேச்சுக்கலை ஆசிரியர்கள் இதைப் பாடமாக்கினார்கள். பிளேட்டோ தம் 'கோர்கியாஸ்' உரையாடலில் அந்தப் பாடத்தையே சந்தேகித்தார். அறிவில்லாமல் இணங்க வைக்கும் திறமை முகத்துதியின் ஒரு வகை என்பது அவர் முடிவு.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சண்டை அமெரிக்காவில் மீண்டும் மூண்டது. தியோடர் ரூஸ்வெல்ட் 1913இல் வெளியிட்ட தன்வரலாற்றில், ஹாவார்டில் படித்தபோது விவாதப் பயிற்சி பெறாததைக் குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார். கொடுத்த பக்கத்தைப் பேசப் பழகும் இளைஞருக்கு நேர்மை மழுங்கிவிடும் என்பது அவர் அச்சம். 1954ஆம் ஆண்டின் கல்லூரி விவாதத் தலைப்பு, மக்கள் சீன அரசை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டுமா என்பது. விதிப்படி ஒவ்வோர் அணியும் இரு பக்கமும் பேசியாக வேண்டும். நாட்டின் தரைப்படை, கடற்படைக் கல்லூரிகள் இத்தலைப்பில் பங்குபற்ற மறுத்தன. எதிரி நாட்டுக்காக வாதிடும் வாக்கியங்கள் தம் மாணவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டால் என்னாகும் என்ற கவலை அன்றைய சூழலில் விளங்கிக்கொள்ளக் கூடியதே.

அதைத் தொடர்ந்து 1957இல் ரிச்சர்ட் மர்ஃபி எழுதிய கட்டுரையே இவ்விடயத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. பொதுவெளியில் ஒருவர் சொல்வது அவர் உள்ளத்தில் உள்ளதாக இருக்க வேண்டும். ஆகவே இரு பக்கமும் பேச வைப்பது அறமாகாது என்றார் அவர். நிக்கலஸ் கிரைப் முதலியோர் மறுத்தார்கள். விவாதச் சுற்று பொதுக்கூட்டமாகாது, அது பயிற்சிக் கூடம். அங்கே பேசுவதை யாரும் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வதில்லை என்பது அவர்கள் பதில். இரு பக்கத்தையும் ஆராய்ந்த பிறகே ஒருவர் தன் நம்பிக்கைக்கு உரிமை கோரலாம் என்ற வாதமும் சேர்ந்தது. 2005இல் கிரீன், ஹிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வேறொரு கோணத்தில் கேட்டார்கள்: நம்பிக்கையைக் கழற்றி வைக்கப் பழக்குவதும் ஒருவகை அரசியல் பயிற்சிதானே?

மர்ஃபியின் வாதம் இங்கே முழுமையாகப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஆனால் கிரைப்பின் பதிலிலும் ஒரு முன்நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மேடைப் பேச்சு வாக்குமூலமாகக் கொள்ளப்படாது என்பதற்கு அப்படிக் கொள்ளாத சமூகம் ஒன்று வேண்டும். வந்தாறுமூலைக்கு வரும்போது இந்த நிபந்தனையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பட்டிமன்றம் தந்ததும் எடுத்ததும்

தமிழ் மாணவருக்கு விவாதம் என்றதும் நினைவுக்கு வருவது பட்டிமன்றம். 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் அதன் இன்றைய வடிவத்துக்கு நாற்றங்காலானது. குன்றக்குடி அடிகளாரின் நடுவர் தலைமையில் இலக்கியப் பாத்திரங்களைத் தராசில் வைக்கும் அரங்காக அது வளர்ந்தது. இலங்கையில் 1980இல் யாழ்ப்பாணத்தில் உருவான கம்பன் கழகம் பட்டிமண்டபத்தோடு வழக்காடு மன்றம், சுழலும் சொற்போர் ஆகியவற்றையும் மேடைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சி வந்தபின் குடும்பப் பொருள்களும் நகைச்சுவையும் மேலோங்கின.

பட்டிமன்றம் தமிழ் விவாதத்துக்குச் செய்த பெரிய உதவி, கேட்போரைத் தந்தது. கோயில் வீதியில் பாய் விரித்து, நள்ளிரவு தாண்டியும் ஒரு வாதத்தைக் கேட்கிற கூட்டம் வேறு பல மொழிகளின் விவாத அரங்குகளுக்குக் கிட்டாத பேறு. ஒக்ஸ்போர்ட் மாணவர் மன்றத்தில் 1933இல், அரசருக்காகவும் நாட்டுக்காகவும் போரிட மாட்டோம் என்ற தீர்மானம் 275க்கு 153 என்ற வாக்கில் நிறைவேறியபோது நாடே கொதித்தது. ஆனால் வாக்களித்தவர்கள் மன்றத்தில் இருந்தவர்களே. இங்கே ஊரே அவை.

எடுத்துக்கொண்டதும் உண்டு. பட்டிமன்றத்தில் பேச்சுகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றோடொன்று மோதுவது குறைவு. எதிரணியின் வலுவான வாதத்தை எடுத்து உடைப்பதைவிட அதை ஒரு நகைச்சுவையால் கடந்து போவது எளிது, கைதட்டலும் உறுதி. நடுவர் தீர்ப்பும் இரு தரப்பையும் தட்டிக்கொடுத்து முடிவதுண்டு. பாடசாலைப் பேச்சுப் போட்டிகள் இன்னொரு பழக்கத்தை ஊட்டிவிடுகின்றன: ஆசிரியர் எழுதிக் கொடுக்க, மாணவர் மனனம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிப்பது. குரலும் உச்சரிப்பும் அதனால் சீர்பெறுகின்றன. ஆனால் எதிரே இருப்பவர் இப்போது சொன்னதற்கு இப்போதே பதில் சொல்லும் திறமை அதில் வருவதில்லை.

ஏழு நிமிடத்தின் ஒழுங்கு

அந்தத் திறமைக்காகவே கட்டப்பட்டது நாடாளுமன்றப் பாணி விவாதம். உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி 1981 முதல் நடந்துவருகிறது. 2014ஆம் ஆண்டுக்குரிய போட்டி சென்னையில் நடந்தது. அங்கே கைக்கொள்ளும் பிரித்தானிய முறையில் ஒரு சுற்றில் நான்கு அணிகள், அணிக்கு இருவர். தலைப்பை அறிவித்துப் பதினைந்து நிமிடத்தில் விவாதம் தொடங்கிவிடும். எந்தப் பக்கம் என்பதைப் போட்டி ஒழுங்கே தீர்மானிக்கும். ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடம். முதல் நிமிட முடிவில் ஒரு தட்டு, ஆறாம் நிமிட முடிவில் இன்னொரு தட்டு. இடைப்பட்ட நேரத்தில் எதிரணியார் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். பேசுபவர் ஏற்கலாம், மறுக்கலாம்; ஆனால் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே போனால் மதிப்பு இறங்கும். சுற்று முடிந்ததும் நடுவர்கள் தமக்குள் கலந்து, நான்கு அணிகளையும் வரிசைப்படுத்தி, ஏன் அந்த வரிசை என்பதை அணிகளிடம் விளக்குவார்கள்.

இந்தக் கடைசிப் பகுதியே இம்முறையின் உயிர். தோற்றவர் ஏன் தோற்றார் என்று காரணத்தோடு கேட்டுவிட்டுப் போகிறார்.

குறைகளும் தெரிந்தவையே. பேச்சின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. சாதாரணக் கேட்போர் விலகிவிடுகிறார்கள். இறுதியில் விவாதிகளுக்காக விவாதிகள் பேசும் அரங்காகச் சுருங்குகிறது. மொழித் தடை இன்னும் பெரியது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டவர்களுக்கு உலகப் போட்டியில் தனிப் பிரிவு உண்டு. ஆனாலும் நகரத்து ஆங்கிலப் பழக்கம் உள்ளவருக்கே கதவு அகலத் திறக்கிறது. ஸ்பானிய மொழியினர் இதற்கு விடை கண்டார்கள். 2011 முதல் தம் மொழியிலேயே உலகப் போட்டி நடத்துகிறார்கள். முறையை எடுத்துக்கொண்டு மொழியைத் தமதாக்குவது இயலும் என்பதற்கு இது போதிய சான்று. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், ஆங்கிலத்தில் பொறியியல் படிக்கும் தமிழ் மாணவர்களே பாடசாலைகளுக்கிடையே 'சொற்கணை' என்ற தமிழ் விவாதச் சமரை நடத்தியிருக்கிறார்கள்.

வாவிக் கரையின் வழக்குரை

பழுகாமத்துக்கு விவாதம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பட்டிருப்புப் பாலம் கடந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் நுழைந்தால், இவ்வூரின் பெயர்பெற்ற கோயில் திரௌபதை அம்மனுடையது. தன்னையே சூதில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று அவையைப் பார்த்துக் கேட்டவள் திரௌபதை. அது புலம்பலாக நின்றுவிடாத சட்டக் கேள்வி. அந்த அவையில் பெரியவர்கள் தடுமாறியபோது, கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் தன் பக்கத்துக்கு எதிராக எழுந்து அவளுக்காகப் பேசினான். பக்கத்தைவிட நியாயம் பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இவ்வூர் மாணவருக்குத் தேவையில்லை.

படுவான்கரையிலும் கிழக்குக் கரையான எழுவான்கரையிலும் உள்ள கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் காவியத்தின் பெயரே 'கண்ணகி வழக்குரை'. அதை 1968இல் பதிப்பித்து அளித்தவர் வித்துவான் வி.சீ. கந்தையா. ஊர் கூடியிருந்து, அரசனின் தீர்ப்பைப் பிழை என்று நிறுவிய ஒரு பெண்ணின் வழக்கை இரவிரவாகக் கேட்கிறது. வழக்குரையோடு சடங்கு முடிந்துவிடுவதில்லை. கொதித்து நிற்கும் தெய்வத்தை ஆற்றக் குளிர்த்தி பாடிய பிறகே முடிகிறது. விவாதச் சுற்றுக்குப் பின் நடுவர் தரும் விளக்கத்துக்கும் அணிகள் ஒன்றாக அமர்ந்து பேசுவதற்கும் நேரம் ஒதுக்காத மன்றம், குளிர்த்தி பாடாமல் கோயிலைப் பூட்டுவது போன்றது.

இதே வழிபாட்டுச் சூழலில் கொம்பு முறித்தலும் உண்டு. ஊர் வடசேரி, தென்சேரி எனப் பிரியும். இரு வளைந்த மரக்கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். வென்ற சேரி தோற்ற சேரியை வசை பாடும். சிங்களக் கிராமங்களில் பத்தினி வழிபாட்டோடு சேர்ந்த அங்கெலியவும் இதன் உறவு விளையாட்டே. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாடு பற்றிய 1984ஆம் ஆண்டு நூலில் அதை விரிவாக ஆராய்ந்தார். இந்த மரபு விவாத மன்றத்துக்கு எச்சரிக்கையாகவும் அமைகிறது. பக்கம் முன்பே முடிவாகி, நடுவரும் காரணமும் இல்லாமல், வசையில் முடிகிற போட்டியாக விவாதமும் எளிதில் மாறிவிடும்.

ஊர்க் கலையைப் பல்கலைக்கழகம் கையாளுவதிலும் இங்கே பாடம் இருக்கிறது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்துச் செம்மைப்படுத்தி நகர மேடைக்கு ஏற்றினார். 1964இல் மேடையேறிய 'இராவணேசன்' அதன் உச்சம். பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர் முதலியோர் சீலாமுனையில் ஊர் மக்களோடு இருந்து கூத்து மீளுருவாக்கம் செய்தபோது, கூத்து ஊரிலேயே, ஊராரின் முடிவுகளோடு நடக்க வேண்டும் என்ற மறுவிடை உருவானது. விவாத மன்றமும் இந்த இரு வழிகளில் ஒன்றைத் தேர வேண்டியிருக்கும். இரண்டாவது வழியே இங்கு கூடுதல் பயன் தரும் என்று தோன்றுகிறது. பழுகாமம் கண்டுமணி மகா வித்தியாலயம் போன்ற ஒரு பாடசாலை மண்டபத்தில், பெற்றோர் முன்னிலையில், பல்கலைக்கழக அணிகள் பேச வேண்டும்.

பேச்சுக்கு விலை கொடுத்த வளாகம்

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 ஓகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில் முழுப் பல்கலைக்கழகமானது. நான்கு ஆண்டுகள் கழியுமுன், உள்நாட்டுப் போரினால் அதன் வளாகம் அகதி முகாமாயிற்று. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. 2006 டிசம்பரில் அதன் உபவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத் கொழும்பில் காணாமற்போனார்.

இத்தகைய இடத்தில் மர்ஃபியும் கிரைப்பும் வேறு பொருள் பெறுகிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று பார்த்து ஆளை எடைபோட்ட காலத்தைக் கடந்த சமூகத்தில், "இது எனக்கு வந்த பக்கம்" என்று சொல்ல முடிவது மாணவருக்கு ஒரு காப்பு. பேச அஞ்சியவர் அந்தக் காப்பின் கீழ் பேசத் தொடங்கலாம். குலுக்கலில் பக்கம் பிரிப்பதற்கு உலகில் சொல்லப்பட்ட காரணங்களில் இங்கே மிக வலுவானது இதுவாக இருக்கலாம். அதே காரணம் மறுபுறமும் வெட்டுகிறது. தந்தையைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளையை, காணாமற்போனோர் பற்றிய விசாரணை வேண்டாம் என்று வாதிடச் சொல்லலாமா? பயிற்சி என்ற சொல் அந்தக் கொடுமையை மூடிவிடாது. இத்தகைய தலைப்புகளில் பக்கத்தை மறுக்கும் உரிமை, காரணம் கேட்கப்படாமல், புள்ளி குறையாமல் இருக்க வேண்டும். அத்தலைப்புகளை அடியோடு விலக்குவதோ வேறு தவறு. பேச வேண்டியதைப் பேசாத மன்றத்தில் எஞ்சுவது பட்டிமன்ற நகைச்சுவையே.

நடத்துகிற வேலை

மன்றம் நிலைப்பதும் கலைவதும் சில சாதாரண விடயங்களில் தங்கியிருக்கிறது. முதலாவது, முதலாம் வருட மாணவர். பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. ஆனாலும் மூத்தவரை எதிர்த்துப் பேசத் தயங்கும் மனநிலை சட்டத்தால் மட்டும் போய்விடாது. சீனியர் மாணவரின் வாதத்தைப் புதியவர் ஒருவர் பலர் முன்னிலையில் உடைத்துவிட்டு, மறுநாள் நிம்மதியாக விரிவுரைக்கு வர முடியுமா என்பதே மன்றத்தின் உண்மையான பரீட்சை. அணிகளை வருட வாரியாகப் பிரிக்காமல் கலந்து அமைப்பது இதற்கு ஓரளவு உதவும்.

இரண்டாவது, நேரம். மாலை பிந்தி நடக்கும் பயிற்சி விடுதி நேரத்தோடும் பஸ்ஸோடும் மோதும்போது முதலில் விலகுபவர்கள் பெண் மாணவர்கள். நீலகேசியைப் பாடத்தில் வைத்துவிட்டுப் பயிற்சியை இரவில் வைப்பதில் பொருளில்லை.

மூன்றாவதும் முதன்மையானதும் நடுவர். பயிற்சிக்கான கவனம் அனைத்தும் விவாதிகளுக்குப் போகிறது. நடுவர் ஆசனத்தில் மரியாதை கருதி யாரையாவது அமர்த்திவிடுகிறோம். எந்த வாதம் பதிலில்லாமல் நின்றது, எது உடைந்தது என்று குறிப்பெடுத்து, தன் சொந்தக் கருத்தை ஒதுக்கிவைத்துத் தீர்ப்புச் சொல்வது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். மணிமேகலையின் போலிப் பட்டியல் அதற்கு ஒரு தொடக்கப் பாடநூலாகலாம். மேடையில் நன்றாகப் பேச வராத, ஆனால் கூர்ந்து கேட்கத் தெரிந்த மாணவர்களுக்கும் மன்றத்தில் இடம் கிடைப்பது இதனால்தான்.

தீராமல் நிற்பவை

விவாதப் பயிற்சி சிந்தனையைக் கூர்மையாக்குகிறதா? 1999இல் ஆய்வாளர் மைக் அலனும் வேறு மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து, ஆம் என்ற திசையில் முடிவு கண்டார்கள். ஆனால் விவாதத்துக்கு வருபவர்கள் முன்பே கூர்மையானவர்களாக இருக்கக்கூடும் என்ற ஐயம் அத்தகைய ஆய்வுகளை விட்டுப் போவதில்லை. அமெரிக்கக் கல்லூரிச் சூழலில் கண்டதை மட்டக்களப்புக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. மொழியியலாளர் டெபரா டேனன் 1998இல் எச்சரித்தபடி, எல்லாவற்றையும் இரு பக்கமாகப் பார்க்கும் பழக்கம் மூன்றாம் வழிகளை மறைத்துவிடுகிறதா என்பதும் திறந்த கேள்வியே.

மொழிக் கேள்வி இன்னும் கடினமானது. தமிழில் நடக்கும் மன்றம் தமிழ், முஸ்லிம் மாணவர்களை ஒரே மேடையில் சேர்க்கும். இம்மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றில் அது சிறிய பயனாகாது. அதே வளாகத்தில் படிக்கும் சிங்கள மாணவர் வெளியே நிற்பார். ஆங்கிலத்தில் நடத்தினால் அவர் உள்ளே வருவார், படுவான்கரை மாணவர் வெளியே போவார். மொழிபெயர்ப்போடு நடக்கும் மும்மொழி அரங்கு நல்ல எண்ணமாயினும், உடனுக்குடன் மறுமொழி சொல்வதே உயிரான ஒரு கலைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை நடத்திப் பார்த்தே அறியலாம்.

கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு இப்போதைக்குச் சொல்லக்கூடிய முடிவு இது: பக்கத்தைக் குலுக்கலில் பிரிக்கலாம், மறுக்கும் உரிமையோடு. மொழி தமிழாகத் தொடங்கட்டும். மன்றத்தின் முதல் ஆண்டு நிதியில் பெரும்பங்கு, கிண்ணங்களுக்கும் மேடை அலங்காரத்துக்கும் முன்பாக, நடுவர் பயிற்சிக்குப் போக வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மொழி, கலைத் துறைகளில் இருப்பவர்கள் அந்தப் பயிற்சிக்கான பாடத்திட்டத்தை எழுதத் தொடங்க வேண்டும்.